ஹாஷ் பிரவுன் மொறுமொறுன்னு வரலன்னா அடுப்ப திட்டாதீங்க, கிழங்குல இருக்க தண்ணிய பாருங்க

டல்லாஸ்ல ரூம் எடுத்து தங்கி படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார். டைனர்ல (காலை டிபனுக்கு பேர் போன அமெரிக்க சின்ன ஹோட்டல்) சாப்பிட்ட மாதிரி ஹாஷ் பிரவுன், அதான் துருவின உருளைக்கிழங்க அடை மாதிரி செவக்க வறுக்கறது, வீட்ல போடலாம்னு ரெண்டு உருளைக்கிழங்க துருவி எண்ணெயில போட்டாராம், வெளிய கருகிடுச்சு, உள்ள பசை மாதிரி கொழகொழ, கலரு வேற சாம்பல், பாதி சட்டியோடயே ஒட்டிக்கிச்சு. எண்ணெய் பத்தலையா, தீ பத்தலையா, முட்டை சேக்கணுமா, கார்ன்ஃப்ளார் தூவணுமான்னு கேக்குறார்.

தம்பி, நான் நியூ ஜெர்சியில ஒரு டைனர்ல ஆறு வருஷம் காலை ஷிஃப்ட்ல கிரிடில் (பெரிய தட்டையான சமையல் கல்லு) முன்னாடி நின்னவன். முதல் வாரம் நான் பண்ணதும் அச்சு அசலா இதே கூத்துதான். துருவின கிழங்க அள்ளி அப்படியே கிரிடில் மேல கொட்டினேன், புஸ்ஸுனு ஒரு ஆவி கிளம்புச்சு பாருங்க, பக்கத்துல முட்டை போட்டுட்டு இருந்த மெக்ஸிகோக்கார மாஸ்டர் திரும்பிப் பாத்து சிரிச்சிட்டு, ஒண்ணும் பேசாம ஒரு துண்ட எடுத்து என் தோள்ல போட்டாரு. பிழியறதுக்கு. அன்னிக்கு கத்துக்கிட்டதுதான் இந்த பதில் முழுக்க, மத்ததெல்லாம் அதுக்கு மேல பூச்சு.

விஷயம் என்னன்னா உருளைக்கிழங்குல கிட்டத்தட்ட 80 சதவீதம் தண்ணி. அரை கிலோ கிழங்குன்னா 400 கிராம் தண்ணி, மீதிதான் மாவும் மத்ததும். ஈரம் இருக்க வரைக்கும் அந்த இடத்துல சூடு 100 டிகிரி செல்சியஸ தாண்டாது, நீங்க கீழ எவ்வளவு தீ வெச்சாலும் அந்த சூடெல்லாம் தண்ணிய ஆவியாக்கவே செலவாயிடும். ஆனா கிழங்கு செவந்து மொறுமொறுப்பாகணும்னா 140 டிகிரிக்கு மேல போகணும். ஈரத்தோட போட்டா முதல் பத்து நிமிஷம் அது வறுபடல, வேகுது. அதுக்குள்ள பொறுமை போயி தீய கூட்டுவோம், அடியில பட்டது மட்டும் கருகும், மேல இருக்கறது ஆவியில வெந்து களியாகும். நீங்க பாத்தது இதான்.

தண்ணியோட கூட இன்னொரு ஆளும் இருக்கான், ஸ்டார்ச். கிழங்க துருவும்போது செல்லெல்லாம் கிழிஞ்சு உள்ள இருந்த மாவு வெளிய வந்து துருவல் மேல ஒட்டிக்கும். ஈரமும் மாவும் சேந்து சூடு பட்டா கஞ்சிதான். 60, 65 டிகிரியிலயே அது கெட்டியாக ஆரம்பிச்சிடும், அந்த கஞ்சிதான் சட்டியில அடிபிடிக்குது, துருவல தனித்தனியா விடாம ஒரே கட்டியா ஆக்குது. அதனால கார்ன்ஃப்ளார் கேள்விக்கு பதில் இப்பவே சொல்லிடறேன், வேணாம், உங்ககிட்ட ஏற்கனவே தேவைக்கு மேல மாவு இருக்கு.

இப்ப கிழங்கு வாங்கறதுலேர்ந்து வருவோம். அமெரிக்காவுல இருக்கறதால உங்களுக்கு ஈஸி, ரஸ்ஸெட் வாங்குங்க, ஐடஹோ கிழங்குன்னு மூட்டையில போட்டு விப்பாங்களே, தோல் சொரசொரன்னு பழுப்பா நீளமா இருக்கும். மாவு அதிகம், தண்ணி கம்மி. லூதர் பர்பேங்க்னு ஒருத்தர் மாசசூசெட்ஸ்ல கண்டுபிடிச்ச ரகத்துலேர்ந்து வந்தது இது, மனுஷன் 1875 வாக்குல அந்த கிழங்கோட உரிமைய 150 டாலருக்கு வித்துட்டு கலிஃபோர்னியா போயிட்டாரு, இன்னிக்கு பாதி அமெரிக்கா அந்த பரம்பரை கிழங்கதான் ஃப்ரைஸா தின்னுட்டு இருக்கு. யூகான் கோல்டு கூட ஓகே, ருசி நல்லாருக்கும், மொறுமொறுப்பு ஒரு படி கம்மி. செவப்பு தோல் கிழங்கு, சின்ன சின்ன பேபி பொட்டேட்டோ, இதெல்லாம் சாலட்டுக்கும் குழம்புக்கும். வெந்தாலும் உடையாம வழவழன்னு இருக்கற ரகம் அது, இதுக்கு ஒத்து வராது.

ஊர்ல இருந்து இத படிக்கறவங்களுக்கு: நம்ம கடையில யாரும் ரகம் பேர் சொல்லி விக்கறதில்ல, மிஞ்சிப்போனா ஊட்டி கிழங்கு, ஆக்ரா கிழங்கு, அவ்வளவுதான். சிப்ஸுக்குன்னே சிம்லா ஆராய்ச்சி நிலையத்துல உருவாக்கின குஃப்ரி சிப்சோனா கிடைச்சா யோசிக்காம வாங்குங்க, மாவு அதிகம், சர்க்கரை கம்மி. குஃப்ரி ஜோதி நடுத்தரம். புக்ராஜ்னு மஞ்சளா பாக்க அழகா ஒண்ணு வரும், அதுல தண்ணி ஜாஸ்தி. பேர் தெரியலன்னா ஒரு சோதனை இருக்கு. ஒரு கப் உப்புக்கு பதினோரு கப் தண்ணி கணக்குல கரைச்சு கிழங்க போட்டு பாருங்க, மாவுக் கிழங்கு கனமா இருக்கறதால அடிக்கு போயிடும், தண்ணிக் கிழங்கு மிதக்கும். நெல்லு விதைக்கும்போது உப்புத் தண்ணியில முட்டைய மிதக்க விட்டு பதம் பாத்து, மேல வர்ற பொக்கு நெல்ல தள்ளுவாங்களே, அதே கணக்குதான். இதுக்கு அவ்வளவு உப்பு செலவு பண்றது கொஞ்சம் ஓவர்தான், ஒரு தடவை பாத்து எந்த கடை கிழங்கு சரியா வருதுன்னு தெரிஞ்சிக்கிட்டா போதும்.

இன்னொண்ணு, பச்சைக் கிழங்க ஃப்ரிட்ஜ்ல வெக்காதீங்க. குளிர்ல கிழங்கு தன்னோட மாவ சர்க்கரையா மாத்திக்கும். அத வறுத்தா உள்ள வேகறதுக்குள்ள வெளிய கன்னங்கரேல்னு ஆயிடும், ருசியும் ஒரு மாதிரி தித்திப்பு. வட இந்தியாவுல பிப்ரவரி மார்ச்சுல தோண்டின கிழங்க கோல்டு ஸ்டோரேஜ்ல 2, 4 டிகிரியில மாசக்கணக்கா வெச்சிருந்து விப்பாங்க, அதான் செப்டம்பர் அக்டோபர் வாக்குல வர்ற கிழங்குல வறுவல் போட்டா சீக்கிரம் கருகுது, நம்ம அம்மாக்கள் "கெழங்கு இனிக்குது"ன்னு தள்ளி வெப்பாங்க. அந்த மாதிரி மாட்டிக்கிட்டா ரெண்டு வாரம் வெளிய இருட்டான காத்தோட்டமான இடத்துல வெச்சுட்டு அப்புறம் எடுங்க, சர்க்கரை ஓரளவு திரும்பி மாவாயிடும். சர்க்கரை ஜாஸ்தியான கிழங்க அதிக சூட்டுல வறுத்தா அக்ரிலமைடுன்னு ஒரு வேண்டாத பொருளும் கூடுதலா உருவாகும், 2002ல ஸ்வீடன்காரங்க இத கண்டுபிடிச்சு சொன்னப்புறம்தான் சிப்ஸ் கம்பெனியெல்லாம் உஷாராச்சு. நமக்கு கணக்கு சிம்பிள், பொன்னிறத்தோட நிறுத்திக்கணும், காப்பிக்கொட்டை கலருக்கு போகக்கூடாது. தோல் பச்சையா மாறின கிழங்கா இருந்தா பச்சை போற வரைக்கும் ஆழமா சீவி எறிங்க, நெறைய பச்சைன்னா கிழங்கையே எறிங்க.

சரி, துருவல். இதுல ரெண்டு கட்சி இருக்கு. பச்சையா துருவறது ஒண்ணு, அரை வேக்காடு வேகவெச்சு ஆறவெச்சு துருவறது ஒண்ணு. ஸ்விட்சர்லாந்துல ரோஸ்டின்னு இதுக்கு பெரியப்பா முறை ஒண்ணு இருக்கு, அங்கயும் பச்சையா வெந்ததான்னு இன்னிக்கு வரைக்கும் வீட்டுக்கு வீடு சண்டை. ஜெர்மன் பேசற பக்கத்துக்கும் ஃப்ரெஞ்ச் பேசற பக்கத்துக்கும் நடுவுல இருக்கற கோட்டுக்கே ரோஸ்டி பள்ளம்னு பேர் வெச்சிருக்காங்கன்னா பாத்துக்கோங்க. என் ஓட்டு எதுக்குன்னு கடைசியில சொல்றேன், முதல்ல பச்சைத் துருவல்.

பெரிய ஓட்டை இருக்கற துருவிய எடுங்க, கேரட் அல்வாவுக்கு துருவற சின்ன ஓட்டையில துருவினா மாவாட்டின மாதிரி ஆயிடும், செல் ஜாஸ்தி கிழியும், கஞ்சி ஜாஸ்தி. கிழங்க நீளவாக்குல படுக்க வெச்சு ஒரே இழுப்பா இழுங்க, துருவல் நீளம் நீளமா வரும், அதுதான் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு முட்டை இல்லாமலே நிக்கும். பக்கத்துலயே ஒரு பெரிய பாத்திரத்துல ஜில்லு தண்ணி வெச்சு துருவ துருவ அதுக்குள்ள தள்ளுங்க. உங்க கிழங்கு சாம்பல் கலரானது இங்கதான், துருவின கிழங்கு காத்து பட்டா ஆப்பிள் கறுக்கற மாதிரியே முதல்ல ரோஸ், அப்புறம் பழுப்பு, அப்புறம் சாம்பல்னு போகும். துருவிட்டு போன் பேசப் போனா முடிஞ்சுது கதை.

தண்ணியில போட்டு கையால நல்லா அலசுங்க, தண்ணி பால் மாதிரி ஆகும், அதான் ஸ்டார்ச். துருவல அள்ளி எடுத்துட்டு தண்ணிய மாத்தி இன்னொரு தடவை. ரெண்டு தடவை போதும். அரிசி களையற மாதிரி தெளிவா வர்ற வரைக்கும் அஞ்சாறு தடவை அலசறவங்க இருக்காங்க, அப்படி அலசினா ஒட்டவே ஒட்டாது, திருப்பும்போது உதிரியா கொட்டும். முதல் அலசின தண்ணிய கொட்டாம அஞ்சு நிமிஷம் அசையாம வெச்சீங்கன்னா அடியில வெள்ளையா மாவு கெட்டியா படியும். சேலத்துல மரவள்ளிக் கிழங்க அரைச்சு தொட்டியில தெளிய விட்டு ஜவ்வரிசிக்கு மாவு எடுக்கறாங்களே, அந்த டெக்னிக்தான். அலசினது ஜாஸ்தியாயிடுச்சோன்னு தோணினா மேல தண்ணிய வடிச்சிட்டு அந்த மாவுல ஒரு ஸ்பூன் மட்டும் பிழிஞ்ச துருவல்ல பிசறிக்கோங்க.

இப்ப பிழியறது. இந்த பதில்ல ஒரு பத்தி மட்டும்தான் படிப்பேன்னா இத படிங்க. ஊர்லேர்ந்து கொண்டு வந்த ஈரிழைத் துண்டு இருந்தா அதுதான் பெஸ்ட், டர்க்கி டவல் வேணாம், நூல் ஒட்டும். துருவல நடுவுல குவிச்சு, நாலு முனையையும் சேத்து பிடிச்சு, முறுக்குங்க, நின்னா மறுபடி முறுக்குங்க. முதல் பிழியல்ல வர்றத பாத்து அவ்வளவுதான்னு நினைப்பீங்க. ஒரு நிமிஷம் விட்டுட்டு துருவல உதறி போட்டு திரும்ப முறுக்கினா மறுபடி அவ்வளவு வரும். அரை கிலோவுக்கு கால் டம்ளருக்கு குறைஞ்சு வந்திருந்தா நீங்க இன்னும் பிழியலன்னு அர்த்தம். கையில எடுத்தா உலர்ந்து உதிரணும், துருவின தேங்கா பதம். கை வலிக்கறவங்க அலசி வடிச்சதுல அரை ஸ்பூன் உப்பு போட்டு பிசறி பத்து நிமிஷம் வெச்சுட்டு பிழிங்க, உப்பு உள்ள இருக்க தண்ணிய வெளிய இழுத்துடும், வேலை பாதி. ஆனா உப்பு போட்டா கட்டாயம் பிழிஞ்சே ஆகணும், உப்பு போட்டு ஊற வெச்சிட்டு பிழியாம சட்டியில போட்டா முதல்ல சொன்ன கஞ்சிக்கே திரும்பிடுவீங்க. உப்பு போடாம பிழிஞ்சவங்க சட்டிக்கு போறதுக்கு முந்தின நிமிஷம் போடுங்க.

பிழிஞ்சதுக்கப்புறம் மைக்ரோவேவ் இருந்தா ஒரு திருட்டு வேலை பண்ணலாம். தட்டுல பரவலா போட்டு ரெண்டு நிமிஷம் ஓட விடுங்க, மூடாம. மேல மிச்சம் இருக்கற ஈரம் ஆவியா போயிடும், மேல்மாவு லேசா வெந்து துருவல் ஒண்ணோட ஒண்ணு சரியா ஒட்டும், உள்ள பச்சையா இருக்குமோங்கற பயமும் இல்ல. சட்டியில சாம்பல் ஆகறதும் நிக்கும், ஏன்னா கறுக்க வெக்கற அந்த என்ஸைம் சூட்டுல செத்துடும்.

அடுத்த கட்சி, வேகவெச்சு துருவறது. முந்தின நாள் ராத்திரி முழு கிழங்க தோலோட பச்சைத் தண்ணியில போட்டு அடுப்ப பத்த வெச்சு, கொதி வந்ததும் தீய குறைச்சு பன்னெண்டு, பதினஞ்சு நிமிஷம். கத்தியால குத்தினா வெளிப்பக்கம் ஈஸியா இறங்கி நடுவுல தடுக்கணும், அதான் பதம். குக்கர்ல வெக்காதீங்க, ஒரு விசில்லயே வெளிப்பக்கம் மசாலா தோசைக்கு ரெடியாயிடும். எடுத்து ஆவி போற வரைக்கும் தட்டுல வெச்சிட்டு, ஆறினதும் மூடாம ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க. (பச்சைக் கிழங்கதான் ஃப்ரிட்ஜ்ல வெக்கக்கூடாதுன்னேன், வெந்தத தாராளமா வெக்கலாம், ரெண்டையும் குழப்பிக்காதீங்க.) காலையில தோல உரிச்சு துருவுங்க. அலச வேணாம், பிழிய வேணாம்.

ஏன் ஒரு ராத்திரி? சூடான இட்லிய உதுத்தா கையில பிசுபிசுன்னு ஒட்டும், ஃப்ரிட்ஜ்ல இருந்த நேத்து இட்லிய உதுத்தா பொலபொலன்னு உதிரும், இட்லி உப்புமாவுக்கு பழைய இட்லியதான தேடுவோம். ஃப்ரைட் ரைஸுக்கு நேத்து சாதம் எடுக்கறதும் அதுக்குத்தான். வெந்த ஸ்டார்ச் ஆறும்போது இறுகி கெட்டியாயிடும். அதே நாள் வேகவெச்சு சூட்டோட துருவினா துருவல் வராது, மசியல்தான் வரும், இத நான் மூணு தடவை பண்ணி பாத்துட்டேன், அவசரத்துக்கு ஃப்ரீசர்ல அரை மணி வெச்சும் பாத்துட்டேன், பரவால்லாம வருது, ராத்திரி வெச்ச மாதிரி வரல.

ரெண்டுக்கும் ருசி வேற. பச்சைத் துருவல்ல ஓரமெல்லாம் சல்லடை மாதிரி மெல்லிசா மொறுமொறுப்பு, கிழங்கு வாசனை தூக்கலா இருக்கும். வேகவெச்சதுல மேல மொறுமொறு, உள்ள பஞ்சு. கூட்டம் அடிக்கற டைனர்ல ரெண்டாவதுதான் செல்லுபடியாகும், ஆள் வந்து உக்காந்தப்புறம் துருவி பிழிஞ்சுட்டு நிக்க முடியாது. இன்னும் சொல்லப்போனா நெறைய கடையில காய வெச்ச துருவல் அட்டைப் பெட்டியில வரும், அதுல சுடுதண்ணி ஊத்தி ஊற வெச்சு போடுவாங்க, நீங்க சாப்பிட்டு மயங்கினதே அதுவா கூட இருக்கலாம். அதுவும் ஏற்கனவே வெந்து காஞ்ச கிழங்குதான், தத்துவம் மாறல. என் ஓட்டு: ஞாயித்துக்கிழமை நிதானமா உங்களுக்கு மட்டும்னா பச்சை, நாலு பேருக்குன்னா வேகவெச்சது.

அடுப்பு பத்தி சுருக்கமா. சட்டி கனமா இருக்கணும், நல்லா பழகின இரும்பு தோசைக்கல்லு இருந்தா கிரிடிலுக்கு அதவிட கிட்டக்க வேற எதுவும் இல்ல. டைனர்ல கிரிடில் 175லேர்ந்து 190 டிகிரிக்குள்ள வெச்சிருப்போம், வீட்ல அது மிதமான தீக்கு கொஞ்சம் மேல. எண்ணெய் 10 இன்ச் கல்லுக்கு மூணு டேபிள்ஸ்பூன், கஞ்சத்தனம் வேணாம். கடலெண்ணெய், ரீஃபைண்ட் எண்ணெய் எதுவும் ஓகே, கூட ஒரு ஸ்பூன் நெய் விட்டா டைனர் வாசனை அப்படியே வரும். வெண்ணெய் மட்டும் போட்டா அதுல இருக்க பால் பொருள் சீக்கிரம் கருகும், நெய்ல அந்த பிரச்சனை இல்ல, அங்க கடைக்காரங்க காசு குடுத்து வாங்கற கிளாரிஃபைடு பட்டர் நம்ம வீட்ல டப்பாவுல சும்மா உக்காந்திருக்கு.

எண்ணெய் காஞ்சதும் துருவல பரப்புங்க, ஒரு சென்டிமீட்டர் உசரம், அதுக்கு மேல போனா நடுவுல வேகாது. அந்த 10 இன்ச் கல்லுக்கு அரை கிலோ கிழங்கு சரியா இருக்கும். உங்க ஊர் பக்கம் வாஃபிள் ஹவுஸ்னு டைனர் இருக்குமே, அங்க ஸ்கேட்டர்ட்னு சொல்லி ஆர்டர் பண்றது வேற ஒண்ணுமில்ல, வட்ட வளையத்துக்குள்ள குவிக்காம கிரிடில் மேல பரப்பி விடறது, நெறைய துருவல் சூட்டுல நேரா படும், ஓரம் ஜாஸ்தி. பரப்பினதும் திருப்பியால லேசா ஒரே ஒரு தடவை அமுக்குங்க. அப்புறம் கைய கட்டிக்கிட்டு நில்லுங்க. எட்டு நிமிஷம் தொடக்கூடாது, மூடி போடக்கூடாது. மூடினா ஆவி திரும்பி அது மேலயே விழும். தோசை மாதிரி ஓரம் செவந்து தானா கல்ல விட்டு வர்றப்ப திருப்புங்க, ஒட்டுதுன்னா அது இன்னும் ரெடியாகல, சுரண்டாதீங்க, ஒரு நிமிஷம் விடுங்க. மறுபக்கம் ஆறு நிமிஷம், கொஞ்சம் எண்ணெய் ஓரமா விட்டு. வெங்காயம் போடணும்னு ஆசைன்னா தனியா வதக்கி கடைசியில மேல போடுங்க, துருவலோட கலந்தா அதுவும் தண்ணி விடும்.

வாரத்துக்கு சேத்து பண்ணி வெக்கணும்னா பச்சைத் துருவல நேரா ஃப்ரீசர்ல போடாதீங்க, கறுத்து தொளதொளன்னு ஆயிடும். அலசின துருவல, ஒரு ஸ்பூன் வினிகர் விட்ட கொதிக்கிற தண்ணியில ரெண்டு நிமிஷம் போட்டு எடுத்து, ஜில்லு தண்ணியில காட்டி, பிழிஞ்சு, துணியில பரப்பி ஈரம் போக விட்டு, வடை மாதிரி தட்டி ஒண்ணு மேல ஒண்ணு படாம தட்டுல வெச்சு உறைய விடுங்க. கல்லு மாதிரி ஆனப்புறம் ஒரு ஜிப்லாக் கவர்ல போட்டுக்கலாம். போடும்போது உருக விடாம ஃப்ரீசர்லேர்ந்து நேரா எண்ணெய்க்கு, உருகினா மறுபடி தண்ணிதான்.

கல்லுலேர்ந்து எடுத்ததும் தட்டுல பேப்பர் டவல் விரிச்சு அது மேல அடுக்காதீங்க, அடிப்பக்கம் ஆவியில நமத்துடும், கம்பி ரேக் இருந்தா அது மேல ரெண்டு நிமிஷம், இல்லன்னா இட்லித் தட்ட கவுத்து வெச்சு அது மேல. முட்டைய முதல்லயே பொரிச்சு ரெடியா வெச்சுக்கோங்க, ஹாஷ் பிரவுன் யாருக்காகவும் காத்திருக்காது.